ஊசி போட்டதால்தான் அப்பா போனாரா?

கேள்வி:

எங்களுக்கு அருப்புக்கோட்டை பக்கம். அப்பாவுக்கு 71 வயது, நுரையீரல் புற்றுநோய். நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை இரண்டு தடவை எடுத்தார்கள். கீமோவை உடம்பு தாங்காது என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். கடைசி வாரம் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு ராத்திரி அவர் படுக்கவே இல்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். முகத்தில் போட்ட மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார். சனிக்கிழமையிலிருந்தே ஒன்றும் இறக்கவில்லை. 'இதற்கு மேல் மூச்சுத்திணறலைக் குறைக்க மருந்து இல்லை, மயக்கத்தில் வைக்கலாம்' என்றார் டாக்டர். அப்பாவிடமும் கேட்டார், அப்பா தலையாட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். ஏறக்குறைய 40 மணி நேரத்தில் இறந்துவிட்டார். அண்ணன் ஷார்ஜாவிலிருந்து வந்தபோது அப்பா மயக்கத்தில் இருந்தார். 'ஒரு அஞ்சு நிமிஷம் எழுப்புங்க' என்று அண்ணன் கெஞ்சினார், டாக்டர் முடியாது என்றுவிட்டார். அம்மா ஒரு வாய் பால் ஊற்றக் கேட்டபோது நர்ஸ் விடவில்லை. 'கடைசி நேரத்துல சாமி பேரைக்கூட சொல்ல விடாம பண்ணிட்டீங்களே' என்று அத்தை அழுதார். பதினாறாம் நாள் காரியத்தில் சித்தப்பா எல்லோர் முன்னாலும், 'அந்தக் காலத்துல எண்ணெய் தேய்ச்சு அனுப்புனாங்க, இப்ப ஊசி போட்டு அனுப்புறாங்க' என்றார். அண்ணன் என்னோடு பேசுவதில்லை, அம்மா எதுவும் சொல்வதில்லை. நான் செய்தது கருணைக்கொலையா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

கருணைக்கொலை இல்லை. அப்பா இறந்தது நோயால். ஊசியாலும் இல்லை, உங்கள் கையெழுத்தாலும் இல்லை. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

கடிதத்தோடு மருந்துத் தாளின் நகலையும் அனுப்பியிருக்கிறீர்கள், நல்ல காரியம் செய்தீர்கள், ஏனென்றால் நான் ஆறுதலாகப் பத்து வரி எழுதுவதைவிட அந்த ஒரு பக்கம் தெளிவாகச் சொல்கிறது. ஞாயிறு இரவு 9 மணிக்குத் தோலுக்கு அடியில் சின்ன ஊசி குத்தி, சிரிஞ்ச் பம்ப்பில் மிடாசோலம் என்ற மயக்க மருந்தை ஆரம்பித்திருக்கிறார்கள், ஒரு மணி நேரத்துக்கு 1 மில்லிகிராம். பக்கத்தில் நர்ஸ் கையெழுத்தில் 'மூச்சு 42, நெற்றி சுருக்கம், கம்பியை விடவில்லை' என்று இருக்கிறது, அதாவது நிமிடத்துக்கு 42 மூச்சு. விடியற்காலை 3 மணிக்கு மூச்சு 34, இன்னும் நெளிகிறார், அதனால் 1.5 ஆக்கியிருக்கிறார்கள். காலை 10 மணிக்கு 2. மதியம் மூச்சு 24, சாய்ந்து படுத்திருக்கிறார், பெயரைச் சொன்னால் இமை அசைகிறது. அவ்வளவுதான், அதற்கப்புறம் செவ்வாய் மதியம் அவர் போகும்வரை அந்த 2 மாறவே இல்லை. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் கொடுக்கிற மார்ஃபினும் முன்பு என்ன அளவில் போய்க்கொண்டிருந்ததோ அதே அளவில்தான் போயிருக்கிறது. ஐரோப்பிய பேலியேட்டிவ் கேர் (தீராத நோயில் அவஸ்தையைக் குறைக்கும் மருத்துவம்) சங்கம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மிடாசோலத்தை மணிக்கு 0.5 முதல் 1 மில்லிகிராமில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள், தேவைப்பட்டால் 20 வரைகூடப் போகலாம் என்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு 2-க்கு மேல் தேவைப்படவில்லை. தவிப்பு அடங்கிய இடத்தில் மருந்தைக் கூட்டுவதை நிறுத்திவிட்டார்கள், பாருங்கள். ஆளை முடிக்க வேண்டும் என்று நினைக்கிறவன் அங்கே நிறுத்தமாட்டான்.

இதற்கு டாக்டர்கள் வட்டாரத்தில் பேலியேட்டிவ் செடேஷன் என்று பெயர். கடைசிக் கட்டத்தில், மற்ற எல்லா மருந்தையும் முறையையும் பார்த்தும் அடங்காத ஒரு அவஸ்தை இருந்தால், அந்த அவஸ்தை தெரியாத அளவுக்கு மட்டும் நினைவைக் குறைப்பது. மூச்சுத்திணறல், கட்டிலைவிட்டு எழுந்து ஓடப் பார்க்கும் மனக்குழப்பம், நிற்காத வலிப்பு, சில புற்றுநோய்களில் திடீரென்று பீறிடும் ரத்தப்போக்கு, சில சமயம் வலி, இவைதான் பெரும்பாலும் காரணம். எல்லோருக்கும் ஆழ்ந்த மயக்கமும் கிடையாது, சிலருக்கு ராத்திரி மட்டும் தூங்கவைத்துக் காலையில் எழுப்பிப் பார்ப்போம், அந்தத் தூக்கமே அவரைத் தேற்றி இன்னும் சில நாள் பேசவும் வைக்கும். உங்கள் அப்பாவுக்கு நீர் எடுத்துப் பார்த்தாயிற்று, ஆக்சிஜன், மாஸ்க், மார்ஃபின் எல்லாம் பார்த்தாயிற்று. எடுத்தவுடனே யாரும் ஊசிக்குப் போகவில்லை.

ஊரில் எல்லோரும் பார்த்தது இரண்டு விஷயம். ஊசி போட்டார்கள், ஆள் போய்விட்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் துக்க வீட்டில் இதைச் சொன்னால் யார் காதிலும் ஏறாது. மயக்கம் கொடுப்பதே ஆள் போகும் தறுவாயில்தான் என்பதால், கொடுத்த பிறகு சில நாளில் மரணம் வருவது இருக்கத்தான் செய்யும். சரி, மயக்கம் கொடுக்காமல் விட்டிருந்தால் கூட நாள் இருந்திருப்பாரா? இதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் 2009-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், மயக்கத்தில் வைக்கப்பட்டவர்களையும் அதே நிலையில் இருந்து வைக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டபோது, முதல் கூட்டத்தில் பாதிப் பேர் 12 நாளைத் தாண்டி இருந்தார்கள், இரண்டாவதில் 9 நாள். ஊசி ஆயுளைக் கூட்டுகிறது என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. குறைக்கவில்லை என்று சொல்லலாம். 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு இப்படிப்பட்ட 14 ஆய்வுகளை, 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது, மரணத்தைச் சீக்கிரம் வரவழைத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இவற்றில் எதுவும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் செய்த ஆய்வு இல்லை, தவிக்கிற மனிதனை வைத்து அப்படிச் செய்யவும் முடியாது, அதனால் சந்தேகத்துக்குக் கொஞ்சம் இடம் எப்போதும் இருக்கும். ஆனால் நிமிடத்துக்கு 42 மூச்சு விட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தே இருந்த 71 வயதுக்காரருக்கு மயக்கம் இல்லாமல் கிடைத்திருக்கக் கூடியது அதே தவிப்பில் இன்னும் சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள், இரண்டு நாள். அந்த நேரத்தை அவர் எப்படிக் கழித்திருப்பார் என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள், சித்தப்பா பார்க்கவில்லை.

சித்தப்பா பேச்சுக்கு வருகிறேன். அவர் சொன்னதை வெறும் வம்புப் பேச்சு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. விருதுநகர், மதுரைப் பக்கம் தலைக்கூத்தல் என்றால் என்ன என்று பெரியவர்களுக்குத் தெரியும். படுக்கையில் கிடக்கும் வயசாளி சீக்கிரம் போகட்டும் என்று, அவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மேற்கொண்டு இளநீரையும் குடிக்க வைப்பார்கள். 2010-ல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர் தனக்கு நடக்கப்போவது தெரிந்து வீட்டைவிட்டு ஓடியதற்குப் பிறகுதான் வெளியுலகம் அதைப் பேச ஆரம்பித்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மகள் கையெழுத்துப் போட்டு, ஊசி போட்டு, அப்பா இரண்டு நாளில் போனால் இந்த வார்த்தை வரத்தான் செய்யும். ஆனால் தலைக்கூத்தலில் யாரும் அந்தக் கிழவரிடம் கேட்பதில்லை, உங்கள் அப்பாவிடம் கேட்டார்கள், தலையாட்டினார். அங்கே பார்த்துப் பார்த்து அலுத்துப்போன வீடு முடிவெடுக்கிறது, இங்கே தவித்தவர் அவர், ஒப்புக்கொண்டவரும் அவர். அங்கே ஆள் போகவில்லை என்றால் மறுபடி ஊற்றுவார்கள். இங்கே மூச்சு 24-க்கு வந்ததும் பம்ப்பின் அளவை யாரும் தொடவில்லை. சித்தப்பாவிடம் பேச முடிந்தால், 'அப்பாதான் தலையாட்டினார்' என்ற ஒரே வரியைச் சொல்லுங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் அவர் பேச்சுக்குள் ஒரு நியாயமான கேள்வியும் இருக்கிறது: யாருடைய அலுப்புக்கு மருந்து கொடுக்கிறோம்? என்னைப் போன்ற டாக்டர்கள் தினமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. 'பார்க்க முடியல டாக்டர், ஒரு ஊசி போட்டு முடிச்சு விட்ருங்க' என்று எங்கள் கையைப் பிடிக்கும் குடும்பங்கள் நிறைய. வேடிக்கை என்னவென்றால், அடுத்த வீட்டுச் சாவில் 'ஊசி போட்டுட்டாங்களாம்' என்று பேசுகிறவர்களும் பெரும்பாலும் இதே ஆட்கள்தான், தன் வீட்டில் அதுவே கருணை, பக்கத்து வீட்டில் கொலை. கடைசி நேரத்தில் தொண்டையில் சளி கட்டிக் கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டுத்தான் குடும்பம் துடிக்கும். நோயாளிக்கு அநேகமாக அந்தச் சத்தம் தெரியாது, ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே குறையும், அதற்காக மயக்க மருந்து கேட்டால் கொடுக்கக் கூடாது, நான் கொடுப்பதும் இல்லை. உங்கள் அப்பா விஷயம் அப்படிப்பட்டதல்ல என்று மருந்துத் தாளிலேயே தெரிகிறது.

அண்ணன் கேட்ட ஐந்து நிமிடம். இதுதான் உங்கள் கடிதத்திலேயே கனமான இடம். மிடாசோலம் சீக்கிரம் இறங்கிவிடும் மருந்து, பம்ப்பை நிறுத்தினால் அப்பா கொஞ்ச நேரத்தில் விழித்திருக்கலாம், இதை அண்ணனிடம் மறைக்க வேண்டாம், எப்படியும் அவர் எங்காவது படித்துவிடுவார். ஆனால் எதற்குள் விழித்திருப்பார்? அதே 42 மூச்சுக்குள், அதே கம்பியைப் பிடித்த நிலைக்குள், பேச்சு வராமல். மகன் முகத்தைப் பார்த்திருப்பார்தான், மூச்சுக்குத் தவித்தபடி பார்த்திருப்பார். அந்த டாக்டரின் முடிவு சரி. அவர் செய்யாமல் விட்டது வேறு: மயக்கம் ஆரம்பிக்கும் முன்பே, 'வெளியூரில் யாராவது இருக்கிறார்களா, பேச வேண்டியவர்கள் போனிலாவது இப்போதே பேசிவிடுங்கள்' என்று உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். இந்த மருத்துவத்துக்கு நிஜமாகவே ஒரு விலை உண்டு, அது பேச்சு. உயிரைக் கொடுத்து வாங்கினோமா என்று ஊர் கேட்கிறது, பேச்சைக் கொடுத்து வாங்கினோம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அண்ணனுக்கு விழுந்த அடி அங்கேதான்.

பால் விஷயத்தில் நர்ஸ் மேல் எனக்கும் கோபம். மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும், அந்தக் காரணம் சரிதான். ஆனால் 'கூடாது' என்று திருப்பி அனுப்பியதற்குப் பதில், ஒரு பஞ்சைப் பாலில் நனைத்து அம்மா கையில் கொடுத்து உதட்டில் தொடவைக்கச் சொல்லியிருக்கலாம். நம் பக்கத்தில் உயிர் இழுத்துக்கொண்டிருந்தால் மண்ணைக் கரைத்து ஊற்றுகிறவர்கள், காசை உரசி ஊற்றுகிறவர்கள் எல்லாம் உண்டு, அதைப் பார்த்துப் பயந்து ஆஸ்பத்திரிகள் பாலையும் சேர்த்துத் தடுத்துவிடுகின்றன. ஒரு துளியால் யாருக்கும் எதுவும் ஆகாது. அம்மாவுக்கு ஏதோ ஆகியிருக்கும்.

'தண்ணிகூட கொடுக்காம' என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்பா சனிக்கிழமையிலிருந்தே ஒன்றும் இறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது மயக்கத்துக்கு ஒரு நாள் முன்பே உடம்பு கேட்பதை நிறுத்திவிட்டது. டிரிப் ஏற்றுவதும் மயக்க மருந்தும் இரண்டு தனித்தனி முடிவுகள். அந்த நிலையில் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் நுரையீரலில் நீர் சேர்ந்து அந்தக் கரகரப்புத்தான் கூடும்.

அத்தைக்கு. சாகும்போது எந்த நினைவில் போகிறோமோ அதுவே ஆகிறோம் என்ற நம்பிக்கை நம் ஆட்களுக்கு ஆழமாக இருக்கிறது, மயக்கத்தை எதிர்ப்பவர்களில் பலர் உயிர் போவதைவிட நினைவு போவதற்குத்தான் பயப்படுகிறார்கள். இதற்கு மருத்துவத்தில் பதில் தேடவேண்டாம், உங்கள் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரே பதில் சொல்லியிருக்கிறார். கடைசித் தளர்ச்சி வந்து அழுத்தும்போது உன்னை நினைக்க என்னால் முடியாது, அதனால் 'அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்' என்று பெரியாழ்வார் அரங்கனிடம் முடித்துக்கொண்டுவிட்டார். மூச்சுக்குப் போராடுகிறவனுக்குச் சாமி பேர் வாயில் வராது என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. அத்தை கோவிலுக்குப் போகிறவர் என்றால் இது அவருக்குப் போய்ச் சேரும்.

மற்ற நாடுகளில் எப்படி என்று கேட்டால், ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி. பிரான்ஸில் 2016-ல் சட்டமே போட்டு, மரணம் நெருங்கி அவஸ்தை அடங்காத நோயாளி கேட்டால் இறக்கும்வரை ஆழ்ந்த மயக்கம் பெறுவது அவர் உரிமை என்று வைத்துவிட்டார்கள். நெதர்லாந்தில் கருணைக்கொலைக்கே 2002 முதல் சட்டம் உண்டு, ஆனால் அங்கேயும் இரண்டையும் ஒன்றாக்குவதில்லை: கருணைக்கொலை செய்த டாக்டர் ஒரு குழுவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், அதில் மயக்கத்துக்கு அப்புறம் மூச்சுத் தசைகளையே நிறுத்தும் மருந்தைக் கொடுக்கிறார்கள், ஆள் சில நிமிடங்களில் இறந்துவிடுவார். மயக்கத்தில் வைப்பது வழக்கமான மருத்துவம், அதற்கு அங்கே தனிக் கணக்கு இல்லை. அங்கே 2005-ல் நூற்றுக்கு 8 மரணங்களில் இப்படி ஆழ்ந்த மயக்கம் கொடுக்கப்பட்டிருந்தது, 2015-ல் 18. இவ்வளவு தேவையா, கை தளர்ந்துவிட்டதா என்று அவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். நம் ஊரில் பிரச்சினை நேர்எதிர். 1985-ன் போதை மருந்துச் சட்டத்துக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபினே வைத்துக்கொள்ளாமல் இருந்தன. 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகும் எத்தனையோ ஊர்களில் அது எட்டாக்கனி. அதனால் தவித்துச் சாவதுதான் இயல்பான சாவு என்று பழகிவிட்டோம், அமைதியாகப் போனவரைப் பார்த்தால் என்னமோ செய்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

சட்டம் பற்றி அண்ணன் பயமுறுத்தினால்: 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2023-ல் அதை எளிதாக்கியதும், வென்டிலேட்டர் போன்ற உயிர்தாங்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றியவை. அதற்குத்தான் இரண்டு மருத்துவக் குழு எல்லாம். உங்கள் அப்பாவுக்கு எதையும் பிடுங்கவில்லை. நினைவோடு இருந்தவர் ஒப்புக்கொண்டு பெற்ற சிகிச்சை அது, உங்கள் கையெழுத்து அதற்குச் சாட்சி, அவ்வளவே.

உங்கள் மனசு ஏன் இப்படி அரிக்கிறது என்றால், அது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. ஜப்பானில் இப்படி உறவினரை இழந்த குடும்பங்களிடம் கேட்டு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சை திருப்தி என்றார்கள், அதே கூட்டத்தில் நாலில் ஒருவர் கடுமையான மன வேதனையோடு இருப்பதாகவும் சொன்னார்கள். சரியாகச் செய்தோம் என்று தெரிந்தும் மனசு ஆறாமல் இருக்கலாம். தூக்கமே வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்பது மாதக்கணக்கில் நீண்டால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. அண்ணன் லீவு முடிந்து திரும்பும் முன் அந்த டாக்டரிடம் நேரம் வாங்குங்கள், நீங்களும் அண்ணனும் ஒன்றாகப் போங்கள். முழு கேஸ் ஷீட்டும் வேண்டும் என்று அதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருட விதி. டோஸை வைத்து அண்ணனோடு நீங்கள் வாதாட வேண்டாம், தங்கை சொன்னால் சமாதானம் மாதிரி இருக்கும், டாக்டர் சொல்லட்டும். நீங்கள் சொல்ல வேண்டியது அவர் பார்க்காத அந்த இரண்டு ராத்திரியை. அப்பா எப்படி உட்கார்ந்திருந்தார், எதைப் பிடித்திருந்தார், டாக்டர் கேட்டபோது எப்படித் தலையாட்டினார், அண்ணனைப் பற்றி ஏதாவது கேட்டாரா. கேட்டிருந்தால் அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் இட்டுக்கட்ட வேண்டாம், மூச்சு விடவே முடியவில்லை என்று சொல்லுங்கள். அண்ணன் அழட்டும், கத்தட்டும், குறுக்கே பேசாதீர்கள்.

அம்மா எதுவும் சொல்வதில்லை என்கிறீர்கள். அவரிடம் யாராவது கேட்டீர்களா? அந்த இரண்டு ராத்திரியும் அவரும் அங்கேதான் இருந்திருக்கிறார். 'எனக்கு இப்படி வந்தா என்ன செய்வீங்க' என்பதும் அந்த மௌனத்துக்குள் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், அண்ணன் இருக்கும்போதே. அவருக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை இரண்டு சாட்சிகளோடு எழுதி நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கி வைத்துக்கொள்ள 2023-லிருந்து வழி இருக்கிறது. எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் காதால் கேட்டிருந்தால் போதும். சர்க்கரை, பிரஷருக்கு வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கிற பேலியேட்டிவ் நர்ஸ்களும் உண்டு, 2021-லிருந்து நடக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் யார் என்று விசாரித்து நம்பரை வாங்கி வையுங்கள், அம்மாவுக்கு வேண்டாவிட்டாலும் சித்தப்பாவுக்கு வேண்டியிருக்கும்.